ஆறு மணிக்கு மெயினை அணைக்கச் சொன்னேன்

மின்சாரப் பாடம் வந்தால் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு ஒரே குஷி. பல்பு எரியும், மீட்டர் ஓடும், கடைசி பெஞ்சுக்காரன்கூடக் கண்ணைத் திறந்து உட்காருவான். எனக்கும் அந்தப் பாடம்தான் செல்லப்பிள்ளை. முப்பத்தோரு வருடம் திருத்தணியில் அறிவியல் நடத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளைக் கூப்பிட்டு உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். பாடத்திட்டத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கைப்பேசியில் தட்டினால் வந்து விழுகிறது. என் முட்டாள்தனம் எந்தக் கைப்பேசியிலும் வராது, அதனால் அதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னது. பணிக்கு வந்த புதிதில் 'எரிபொருள்கள் ஐந்து எழுதுக' என்று தேர்வில் கேட்டேன். திருவாலங்காட்டிலிருந்து ரயிலில் வரும் ஒரு பையன் 'கரும்புச் சக்கை' என்று எழுதியிருந்தான். புத்தகத்தில் அது இல்லை. பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். அவன் அப்பா சர்க்கரை ஆலையில் கொதிகலன் பிரிவில் இருந்தவர். தினமும் லோடு லோடாகச் சக்கையை உள்ளே தள்ளிக் கொளுத்துகிற மனிதர். மறுவாரம் பள்ளிக்கு வந்து, "மேடம், நாங்க அதத்தான் எரிக்கிறோம்ங்க, வேணும்னா ஒரு நாளு வந்து பாருங்க" என்று பணிவாகச் சொன்னார். நான் அசடு வழிந்தேன், மார்க் போட்டேன், அதோடு மறந்தும் போனேன். மறந்ததுதான் தப்பு. அன்றைக்கே உறைத்திருந்தால் இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு மனிதரின் மூச்சோடு நான் விளையாடியிருக்க மாட்டேன்.

இனி அந்தக் கதை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது.

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு, நாற்பத்திரண்டு பேர். வீட்டில் மின்சாரம் எப்படிச் செலவாகிறது என்பதை வெறுமனே வாயால் சொல்லாமல் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு திட்டம் போட்டேன். ஒவ்வொருவரும் நோட்டில் ஓர் அட்டவணை போட வேண்டும். முதல் பத்தியில் பொருளின் பெயர், இரண்டாவதில் எத்தனை வாட், மூன்றாவதில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது. நல்ல திட்டம்தான், இப்போதும் அதைக் குறை சொல்ல மாட்டேன். குறை என்னிடம் இருந்தது. நாற்பத்திரண்டு நோட்டையும் இடமிருந்து வலமாக வாசிக்க எனக்கு நேரமில்லை. நம் தொழிலில் எல்லோரும் செய்கிற மாதிரி ஒரு பத்தியை மட்டும் மேலிருந்து கீழாக இறங்கித் திருத்தினேன். மணி நேரப் பத்தி. 6, 8, 2, 5 என்று கண் ஓடிக்கொண்டே இருக்கும், கை டிக் அடித்துக்கொண்டே போகும்.

லாவண்யா என்ற பெண்ணின் நோட்டில் 24 என்று ஓர் எண் வந்தது. வட்டம் போட்டேன்.

லாவண்யா அந்த ஜூனில்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தாள். கே.ஜி.கண்டிகை தாண்டி உள்ளே ஓர் ஊர். வாய் திறக்காத பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளையை எழுப்பி நிற்கவைத்து, ஃப்ரிட்ஜைத் தவிர வீட்டில் எந்தச் சாமானும் இருபத்து நான்கு மணி நேரம் ஓடாது, உன் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "அப்ப என்ன, உங்க வீட்ல மிக்ஸி விடிய விடிய அரைக்குதா?" என்றேன். வகுப்பு சிரித்தது. எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, இறுக்கமான பாடத்தில் பிள்ளைகளைச் சிரிக்கவைத்துவிட்டேன் என்று. வாய்க்கொழுப்பு என்று இதைத்தான் சொல்வார்கள். அவள் உட்கார்ந்தாள். ஏதோ அழித்து எழுதினாள். கொண்டுவந்து காட்டினாள். 4 என்று இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்தது ஆடிக் கிருத்திகை விடுமுறை. சும்மா விடுவேனா? ஒரு சோதனை கொடுத்தேன். கிருத்திகைக்கு முந்தின நாள், பரணியன்று மாலை சரியாக ஆறு மணிக்கு எல்லோரும் வீட்டு மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். ஏழு மணி வரை மீட்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லாம் அணைந்த பிறகும் மீட்டர் நகர்ந்தால் வயரிங்கில் கோளாறு என்று அர்த்தம். நாற்பத்திரண்டு வீட்டிலும் ஒரே மணி நேரம் மிச்சமான மின்சாரத்தைக் கூட்டி அறிவியல் கண்காட்சியில் பெரிய சார்ட்டாக வைக்கலாம் என்பது என் ஆசை. முழுதாகச் செய்தால் பத்து மார்க். அதுவும் அகமதிப்பீட்டு மார்க்.

வகுப்பு முடிகிற நேரத்தில் லாவண்யா எழுந்து, "மெயினையேவா டீச்சர்?" என்று கேட்டாள். அந்த வருடம் அவளாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. மெயின் என்றால் மெயின்தான், ஒருத்தரும் சாக்குச் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு நான் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன்.

பரணி அன்று மாலை வீட்டில் சார்ட் எழுத உட்கார்ந்தேன். வெளியே பம்பை உடுக்கைச் சத்தம், அரோகரா கோஷம். எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம் என்றாலும் அந்த மூன்று நாளும் எங்கள் தெருவில் காவடிக்காரர்களுக்கு நாங்களும் தண்ணீர்ப் பந்தல் வைப்போம். என் வீட்டுக்காரர் அங்கே இருந்தார். சார்ட்டுக்குப் பொருள்களின் பெயர் வேண்டும் என்பதால் அன்றுதான் முதல் தடவையாக, வாங்கி வந்திருந்த அட்டவணை நோட்டுகளின் முதல் பத்தியை வாசித்தேன். பல்பு, ஃபேன், டிவி, மிக்ஸி, கிரைண்டர். லாவண்யாவின் நோட்டில் நான்காவது வரி, குண்டு குண்டான எழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல்: ஆக்சிஜன் மிஷின். பக்கத்தில் 4. அந்த நான்குக்கு முன்னால் அழித்த 2 மங்கலாகத் தெரிந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து இருபத்தைந்து.

அந்த வீட்டில் யாரோ இராப்பகலாக அந்த இயந்திரத்தில் மூச்சு வாங்குகிறார்கள். முப்பத்தைந்து நிமிடத்தில் ஒரு பதினான்கு வயதுப் பெண் என் பேச்சைக் கேட்டு அதை நிறுத்தப்போகிறாள். நிறுத்துவாளா என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. தன் வீட்டு உண்மையை நான் ஒரு வட்டம் போட்டதற்காக அழித்துவிட்ட பிள்ளை அவள். மெயினை மட்டும் அணைக்காமல் இருப்பாளா?

வருகைப் பதிவேட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும். மறுபடியும். அது அவள் அம்மாவின் கைப்பேசி என்பதும், அந்த அம்மா மலையடிவாரத்தில் ஓர் அன்னதானப் பந்தலில் சமையல் வேலைக்கு வந்திருந்தார் என்பதும், அந்த இரைச்சலில் மடியில் கிடந்த கைப்பேசி அவருக்குக் கேட்கவே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அடுத்து வகுப்பின் வாட்ஸப் குழு. இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். 'நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், யாரும் மெயினை அணைக்க வேண்டாம்' என்று எழுத அரை நிமிடம் போதும். நான் அதை எழுதவில்லை. பெற்றோர் எல்லாம் பார்ப்பார்கள், தலைமையாசிரியையும் அந்தக் குழுவில் இருக்கிறார், இத்தனை வருட அனுபவம் உள்ளவள் தப்பு என்று எப்படிப் போடுவது? 'விழாவை முன்னிட்டுச் சோதனை ஒத்திவைக்கப்படுகிறது' என்று எழுதினேன். அழித்தேன். 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று மாற்றினேன். அதையும் அழித்துவிட்டு மறுபடி விழாவுக்கே வந்தேன். அனுப்பி முடித்தபோது ஐந்து நாற்பது. என் மானத்துக்கு அலங்காரம் செய்ய ஒரு மனிதரின் நேரத்திலிருந்து பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

கட்டைவிரல் படங்கள் வந்தன. ஒருவர் 'ஓம் முருகா' என்று போட்டார். லாவண்யாவின் எண்ணில் மட்டும் செய்தி போய்ச் சேர்ந்ததாகவே காட்டவில்லை.

108-ஐக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கூப்பிட்டிருக்கத்தான் வேண்டும். விரல் எண்ணுக்கு மேலே நின்றது. ஊர்ப் பெயரைத் தவிர விலாசம் தெரியாது, நோயாளி யாரென்று தெரியாது, இன்னும் ஒன்றும் நடக்கவும் இல்லை, என்னவென்று சொல்வது என்று தயங்கி விட்டுவிட்டேன். அதுவும் பயம்தான், வேறொன்றும் இல்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

திருத்தணியில் பரணியன்று சாயங்காலம் வண்டி எடுக்கிறவர்களை உள்ளூர்க்காரர்கள் பைத்தியம் என்பார்கள். சித்தூர், நகரி பக்கத்திலிருந்தெல்லாம் ஜனம் வந்து இறங்குகிறது. பேருந்தையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். சந்து சந்தாகப் புகுந்து பெரிய சாலைக்கு வந்தால் இரும்புத் தடுப்பு. அங்கே ஓர் இளம் காவலர், காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. நான் பள்ளி ஆசிரியை, ஓர் அவசர வேலையாகப் போக வேண்டும் என்றேன். பள்ளிதான் லீவாச்சே, சுற்றிக்கொண்டு போங்கள் என்றார். சுற்றினால் அரை மணி நேரம். முக்கியமான மாணவி, வீட்டுப்பாடம் என்று நான் என்னென்னவோ உளறினேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, பின்னால் வந்த வேனைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. "தம்பி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். ஆறு மணிக்குள்ள நான் போகலேன்னா ஒருத்தருக்கு மூச்சு நின்னுடும்" என்றேன்.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். தடுப்பை இழுத்து, ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு வழிவிட்டார்.

ஊரைத் தாண்டியதும் சாலை காலி. நான் இருபது வருடமாக நாற்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. அன்றைக்கு எவ்வளவில் ஓட்டினேன் என்று முள்ளைப் பார்க்கவில்லை. 'ஆண்டவரே, அந்தப் பிள்ளை என்னை மதிக்காமல் இருக்கட்டும், இன்று ஒரு நாள் என் பேச்சைத் தூக்கிக் குப்பையில் போடட்டும்' என்று ஜெபித்துக்கொண்டே போனேன். ஓர் ஆசிரியை வாயிலிருந்து வரக்கூடிய ஜெபமா அது? எதிர்ப்பக்கம் மஞ்சள் துணி உடுத்திப் பாதயாத்திரைக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். "மெயினையேவா டீச்சர்?" என்ற அந்தக் குரல் காதிலேயே நின்றது. அவள் எனக்குச் சொல்லத்தான் பார்த்திருக்கிறாள்.

கே.ஜி.கண்டிகையைத் தாண்டி, அவள் ஊர் முனையில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். ஆறு பத்து ஆகியிருந்தது. லாவண்யா என்றால் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் ஆக்சிஜன் மிஷின் இருக்கும் என்றதும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஆங், அவரு வூடா? கல்லு ஒடைக்கிற மிஷின்ல வேல பாத்து நெஞ்சு கெட்டுப்போயி, ரெண்டு வருசமா அத்தத்தானே வச்சினு கிறாரு. லெப்ட்ல உள்ள போங்க மேடம். மூணாவது தெரு, பச்ச கலர் வூடு."

அந்தக் கடையில் நின்றிருந்த நாலைந்து பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் இரண்டு அடி முன்னால் வந்து வழி காட்டினார். ஊருக்கே தெரிந்த விஷயம் அவள் நோட்டில் எழுத்தாக இருந்தும் அவளுக்குப் பாடம் நடத்துகிற எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கத்தோடு வண்டியைத் திருப்பினேன்.

பச்சை வீடு. வாசல் சுவரில் மீட்டர். அதன் கீழே தரையில் லாவண்யா உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள், அதன் மேல் சோதனைக்கென்று ஒரு புது நோட்டு. வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மெயின் கீழே இறங்கியிருந்தது.

வாசற்படிக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் அப்பா. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து, வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து எழுந்தது. குழாய் கழுத்தில் சும்மா தொங்கியது. என்னைப் பார்த்ததும் அந்த மனிதர் எழுந்து நிற்கப் பார்த்தார். டீச்சர் வந்திருக்கிறாராம். அவரால் முடியவில்லை.

வண்டி எங்கே விழுந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை. மெயினைத் தூக்கினேன். உள்ளே இயந்திரம் இரண்டு தடவை கீச்சிட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது. லாவண்யா ஓடிப்போய்க் குழாயை அவர் மூக்கில் மாட்டினாள். பழகிய கை, ஒரு நொடியில் மாட்டிவிட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது. அந்த உதட்டின் நிறம் மாறுகிறதா என்பதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அவர் மனைவி வரும்வரை நான் அங்கேயே இருந்தேன். மறுநாள் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். லாவண்யா பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் அவர் இருந்தார். கண்காட்சியில் அந்த சார்ட்டை நான் வைக்கவில்லை. ஏன் என்று தலைமையாசிரியை கேட்டபோது, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டினார். வாங்கிக்கொண்டேன். லாவண்யாவிடம் அனுமதி கேட்டு, வகுப்பின் முன்னால் அவள் எழுதிய எண்தான் சரி, நான் போட்ட வட்டம்தான் தப்பு என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு நான் முதல் பத்தியை வாசிக்காமல் ஒரு நோட்டையும் மூடியதில்லை. 'இதை உங்கள் வீட்டில் செய்ய முடியாதா, தனியாக வந்து சொல், காரணம் கேட்க மாட்டேன்' என்று சொல்லாமல் ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்ததில்லை. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் நான் இங்கே வந்தது இதைச் சொல்ல அல்ல.

அந்த வாசலுக்கே திரும்பிப் போகிறேன். மூச்சு கொஞ்சம் வசப்பட்டதும் லாவண்யாவின் அப்பா பேச ஆரம்பித்தார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மகளை நான் அடித்துவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ.

"அது மேல தப்பு இல்ல மேடம். அது வேணாம்னுதான் சொல்லுச்சு. நான்தான் அமத்தச் சொன்னேன். போன வாரம் கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்கன்னு... ரெண்டு நாளு சோறு துன்னல மேடம். இதுக்கும் திட்டு வாங்கிச்சுன்னா இஸ்கோலுக்கே போவாது." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு மணி நேரம்தானேன்னு பாத்தேன். தாங்கிக்கலாம்னு பாத்தேன்."

எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதுக்காரி, ஒரு மாணவியின் வீட்டு வாசலில், தெருவே வந்து பார்க்கிற மாதிரி அழுதேன். என் ஒரு மணி நேரத்துக்காக அந்த மனிதர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படிச் செய்யும் அளவுக்கு அந்த வீட்டில் எல்லோரும் என்னைக் கண்டு பயந்திருக்கிறார்கள்.

லாவண்யா நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். நான் எதற்காக வந்தேன் என்பதே அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. சோதனையைச் சரியாகச் செய்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றே அவள் நினைத்திருந்தாள்.

"டீச்சர், பதினெட்டு நிமிசம்தான் ஆச்சு. நீங்கதான் போட்டீங்க. மார்க் கொறப்பீங்களா?"

குறைக்க மாட்டேன் என்றேன். குறைக்கவே மாட்டேன் கண்ணு, சத்தியமாக என்றேன்.

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னை. நான் வாயால் சொன்னது அவளுக்குப் போதவில்லை. நோட்டைத் திறந்து, சோதனை எழுதிய பக்கத்தை என் முன்னால் நீட்டினாள்.

"அப்ப எழுதிக் குடுங்க டீச்சர்."